லிப்ரெஆபிஸ் பேஸ்: படிவம் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

வாடகை நூலகம், டியூஷன் சென்டர், சங்கத்துச் சந்தா என்று சின்னக் கணக்குகளுக்காக லிப்ரெஆபிஸ் தொகுப்பின் தரவுத்தள மென்பொருளான பேஸைக் கையில் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டேபிள் போடும்வரை யாரும் பெரிதாகச் சிரமப்படுவதில்லை. அந்த டேபிளில் விவரம் பார்க்கவும் நிரப்பவும் உதவும் படிவம் (ஃபார்ம்) செய்ய உட்காரும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு வாடகை நூலகத்தின் ஃபைலை வைத்துக்கொள்வோம். அதில் மூன்று டேபிள்கள்: உறுப்பினர், புத்தகம், இரவல். பெரும்பாலோர் ஆங்கில மெனுவோடுதான் வேலை செய்கிறோம் என்பதால், மெனுப் பெயர்களை அந்த உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

எந்தக் கேள்விக்குள்ளும் போவதற்கு முன்னால் ஒரு சோதனை. படிவத்தை மூடிவிட்டு, அதன் அடியில் இருக்கும் டேபிளை நேரடியாகத் திறந்து ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அங்கேயே முடியவில்லை என்றால் படிவத்தைத் தொடாதீர்கள், பழுது அதில் இல்லை. நான் பார்த்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்துபோயின.

படிவ விசார்டை (படிப்படியாகக் கேட்டுப் படிவம் கட்டித்தரும் கருவி) அழுத்தினால் ஜாவா வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஏன்?

பேஸில் பல பகுதிகள் ஜாவா என்ற துணை மென்பொருளை நம்பி இருக்கின்றன, அவற்றில் இங்கே முக்கியமானவை இரண்டு. ஒன்று படிவ விசார்ட். மற்றொன்று, பேஸ் ஃபைலுக்குள்ளேயே குடியிருக்கும் ஹெச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தளம். 2005இல் ஓப்பன்ஆபிஸ் 2.0உடன் பேஸ் வந்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடுதான். 2010இல் லிப்ரெஆபிஸ் தனியாகப் பிரிந்தபோதும் அது கூடவே வந்தது.

ஜாவாவை நிறுவிய பிறகும் அதே செய்தி வந்தால், பிட் பொருந்தவில்லையா என்று பாருங்கள். லிப்ரெஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லிப்ரெஆபிஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போனால், கணினியில் உள்ள ஜாவாக்களின் பட்டியல் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லிப்ரெஆபிஸை முழுக்க மூடித் திறக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் பிட் தகராறு என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம்.

உபுண்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. அதில் லிப்ரெஆபிஸோடு பேஸ் சேர்ந்து வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். "மெனுவில் பேஸே இல்லையே" என்று குழம்ப வேண்டாம்.

படிவம் திறக்கிறது, பழைய பதிவுகள் தெரிகின்றன. ஆனால் எதையும் திருத்தவோ சேர்க்கவோ முடியவில்லை.

அதிகம் பேரைச் சோதிப்பது இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள்.

முதல் சந்தேகம் பிரைமரி கீ. எந்த வரி எது என்று அடையாளம் காண ஒரு கீ இல்லாத டேபிளில் பேஸ் யாரையும் எழுத விடாது, படிக்க மட்டும் விடும். டேபிளைத் திறக்கும்போது புதிய பதிவுக்கான காலி வரியே அடியில் வரவில்லை என்றால் சந்தேகம் உறுதி. இந்த அனாதை டேபிள்கள் பெரும்பாலும் லிப்ரெஆபிஸின் விரிதாளான கால்க் ஷீட்டிலிருந்து காப்பி செய்து ஒட்டப்பட்டவை. ஒட்டும்போது ஒரு பெட்டி வரும், அதில் புதிய ஃபீல்டு ஒன்றை பிரைமரி கீயாக உருவாக்கவா என்று ஒரு டிக் கேட்கும். அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்! ஒருமுறை ஒரு மதியம் முழுக்கப் படிவத்தின் ஒவ்வொரு அமைப்பையும் புரட்டிப் போட்டுவிட்டு, மாலையில்தான் டேபிளைத் திறந்து பார்த்தேன். கீ இல்லை. மேலே சொன்ன சோதனையை முதலில் வைத்ததற்கு அந்த மதியம்தான் காரணம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. உறுப்பினர் எண் போல ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக, காலியில்லாமல் இருக்கும் ஃபீல்டு ஏற்கெனவே இருந்தால், டேபிளை 'எடிட்' முறையில் திறந்து, அந்த ஃபீல்டின் இடது ஓரத்தில் ரைட் கிளிக் செய்து 'பிரைமரி கீ' கொடுங்கள். ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் பேஸ் மறுத்துவிடும், அது நல்லதுக்குத்தான். அப்படி ஒரு ஃபீல்டு இல்லையென்றால், டேபிளைக் காப்பி செய்து அதே ஃபைலில் வேறு பெயரில் ஒட்டி, இந்த முறை அந்த டிக்கைப் போடுங்கள். விவரங்கள் சரியாக வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம்.

இரண்டாவது, படிவம் டேபிளின் மேல் நிற்கிறதா, குவெரியின் (டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டும் கேள்வி) மேல் நிற்கிறதா என்பது. உறுப்பினரையும் இரவலையும் சேர்த்து ஒரே குவெரியாக்கி, அதன் மேல் படிவம் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலும் எழுத முடியாது. எழுத வேண்டிய படிவத்தை ஒரு டேபிளின் மேலோ, அல்லது பிரைமரி கீயும் சேர்த்து எடுத்த ஒற்றை டேபிள் குவெரியின் மேலோதான் கட்ட வேண்டும். இன்னொரு டேபிளின் விவரமும் வேண்டுமென்றால் படிவத்துக்குள் இன்னொரு படிவமான சப்ஃபார்ம் இருக்கிறது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் லிஸ்ட் பாக்ஸ் இருக்கிறது.

மூன்றாவது, ஃபைலே படிக்க மட்டும் திறந்திருக்கலாம். மெயிலில் வந்த இணைப்பை அப்படியே கிளிக் செய்து திறந்தால், ஜிப்புக்குள்ளிருந்து திறந்தால், அல்லது ஆபீஸ் நெட்வொர்க்கில் இன்னொருவர் அதே ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் இப்படி ஆகும். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் 'லாக்' என்ற பெயரோடு ஒரு மறைவான குட்டி ஃபைல் கிடக்கிறதா என்று பாருங்கள். யாரும் திறந்திருக்கவில்லை, கணினி பாதியில் நின்றுபோனதால் தங்கிவிட்டது என்று நிச்சயமானால் அதை நீக்கிவிடலாம்.

நான்காவதுதான் படிவத்தின் சொந்தப் பிழை. டிசைன் முறையில் (படிவத்தை ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்தால் வருவது) 'ஃபார்ம் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'டேட்டா' பக்கத்தில் 'அலவ் அடிஷன்ஸ்', 'அலவ் மாடிஃபிகேஷன்ஸ்', 'அலவ் டெலிஷன்ஸ்' மூன்றும் 'எஸ்' என்று இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதற்கு நேரெதிர்: புதிதாக எழுத முடிகிறது, ஆனால் பழைய பதிவு ஒன்றுகூடக் காட்டவில்லை. எல்லாம் அழிந்துவிட்டதா?

அழியவில்லை. விசார்டின் எட்டுப் படிகளில் ஆறாவது படியில், படிவம் புதிய பதிவுக்கு மட்டுமா, எல்லாவற்றையும் காட்டவா என்று ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 'டேட்டா' பக்கத்தில் 'ஆட் டேட்டா ஒன்லி' என்பதை 'நோ' ஆக்கினால் பழையவை திரும்பிவிடும். அது ஏற்கெனவே 'நோ' என்றால், எப்போதோ போட்ட ஃபில்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே உள்ள நேவிகேஷன் பட்டையில் அதை நீக்குங்கள்.

படிவத்தை அழகாக அமைத்து சேவ் செய்தேன். மறுநாள் திறந்தால் பழைய கோலத்திலேயே இருக்கிறது.

பேஸில் இரண்டு சேவ் உண்டு. படிவத்தின் ஜன்னலில் சேவ் செய்தால், மாற்றம் திறந்திருக்கும் பேஸ் ஃபைலுக்குப் போகும், ஆனால் டிஸ்க்குக்கு இன்னும் போகவில்லை. பேஸின் முதன்மை ஜன்னலுக்கு வந்து அங்கேயும் சேவ் செய்ய வேண்டும். மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்டதற்கு "ஏற்கெனவே சேமித்தேனே" என்று வேண்டாம் சொன்னவர்களின் உழைப்பு அங்கேதான் காணாமல் போகிறது.

பதிவுகளுக்கும் இந்தக் கவனம் வேண்டும். அடுத்த பதிவுக்கு நகர்ந்தாலே முந்தையது டேபிளில் ஏறிவிடும். ஆனால் உள்ளே குடியிருக்கும் தரவுத்தளம் என்பதால், பேஸ் ஃபைலை சேவ் செய்யும்போதோ மூடும்போதோதான் அது டிஸ்க்கில் பத்திரமாகும். கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள் இருபது பதிவுக்கு ஒருமுறை முதன்மை ஜன்னலில் ஒரு சேவ் தட்டிவிடுவது நல்லது.

ஒரு பெட்டியை நகர்த்தினால் பக்கத்தில் உள்ள பெயர்ப்பட்டையும் கூடவே வருகிறது. எழுத்தை மாற்றவும் முடியவில்லை.

விசார்ட் இரண்டையும் ஒரே குரூப்பாகக் கட்டி வைக்கிறது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் ஒன்று மட்டும் தேர்வாகும். நிரந்தரமாகப் பிரிக்க ரைட் கிளிக், 'குரூப்', 'அன்குரூப்'. கிளிக் செய்தாலே பெட்டி தேர்வாகாமல் கர்சர் உள்ளே போனால், நீங்கள் டிசைன் முறையில் இல்லை. படிவத்தை இரட்டைக் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்துத் திறக்க வேண்டும்.

படிவம் என்பது உண்மையில் லிப்ரெஆபிஸின் எழுத்து மென்பொருளான ரைட்டரின் ஓர் ஆவணம். அதனால் மேலே ஒரு தலைப்பை டைப் செய்து என்டர் தட்டினால் பெட்டிகள் எல்லாம் கீழே சரியும். அவற்றின் நங்கூரத்தைப் பத்தியிலிருந்து பக்கத்துக்கு மாற்றினால் அசையாது.

சப்ஃபார்ம் காலியாக இருக்கிறது. இல்லாவிட்டால், எந்த உறுப்பினரைத் திறந்தாலும் ஊரில் உள்ள எல்லார் இரவலும் தெரிகிறது.

இரண்டும் ஒரே நோய்தான். மேல் படிவமும் சப்ஃபார்மும் எந்த ஃபீல்டில் கைகோத்திருக்கின்றன என்பதை பேஸுக்குச் சொல்ல வேண்டும். சப்ஃபார்மின் ப்ராப்பர்ட்டீஸில் 'லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ்', 'லிங்க் ஸ்லேவ் ஃபீல்ட்ஸ்' என்று இரண்டு இடங்கள் உண்டு. முதலாவதில் உறுப்பினர் டேபிளின் எண், இரண்டாவதில் இரவல் டேபிளில் அந்த உறுப்பினரைக் குறிக்கும் எண். இணைப்பு இல்லையென்றால் எல்லாம் கொட்டும். தவறான ஃபீல்டில் இணைத்தால், எடுத்துக்காட்டாக இரவலின் சொந்த வரிசை எண்ணோடு கோத்தால், காலியாகவோ சம்பந்தமில்லாத ஒரே ஒரு வரியாகவோ வரும்.

சரியாக இணைத்துவிட்டால் இன்னொரு வசதி. சப்ஃபார்மில் புதிய இரவல் போடும்போது உறுப்பினர் எண்ணை பேஸே நிரப்பிக்கொள்ளும். அந்தப் பெட்டியைப் படிவத்தில் வைக்கவே வேண்டாம்.

இணைப்பு சரியாக இருந்தும் ஒரு பெட்டி மட்டும் விவரம் காட்டவில்லையா? 'ஃபார்ம் நேவிகேட்டர்' திறந்து பாருங்கள். நீங்கள் வரைந்த புதிய பெட்டி, அந்த நேரத்தில் தேர்வில் இருந்த படிவத்தின் பிள்ளையாகிவிடும். இரவல் தேதிக்கான பெட்டி திரையில் சப்ஃபார்மின் நடுவில் உட்கார்ந்திருந்தாலும், உள்ளுக்குள் மேல் படிவத்தைச் சேர்ந்ததாக இருக்கும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. நேவிகேட்டரில் பிடித்து இழுத்துச் சரியான படிவத்துக்குக் கீழே விடுங்கள். பேஸில் படிவம் செய்கிறவர்கள் எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டிய ஜன்னல் அதுதான். பலர் அதன் இருப்பையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

லிஸ்ட் பாக்ஸில் உறுப்பினர் பெயரைத் தேர்ந்தெடுக்கிறேன். டேபிளில் போய் விழுவது சரியில்லை.

லிஸ்ட் பாக்ஸ் காட்டுவது ஒன்று, சேமிப்பது வேறொன்று. அதன் உள்ளடக்கமாக எழுதும் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) வரியில் பெயர் முதலிலும் எண் இரண்டாவதாகவும் வர வேண்டும். முதல் ஃபீல்டு திரைக்கு. எது டேபிளுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது 'பவுண்ட் ஃபீல்டு'. இதன் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குகிறது, எனவே இரண்டாவது ஃபீல்டுக்கு 1 என்று இருக்க வேண்டும். "இரண்டாவதுதானே" என்று 2 போட்டவர்கள் ஏராளம். ஃபீல்டுகளை இடம் மாற்றி எழுதினால், எண்கள் பட்டியலில் வரும், பெயர் டேபிளுக்குப் போகப் பார்க்கும்.

டேபிள், ஃபீல்டு பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுவதும் முக்கியம். மேற்கோள் இல்லாத ஆங்கிலப் பெயர்களை ஹெச்எஸ்க்யூஎல்டிபி முழுக்கப் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு தேடும், பிறகு அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று சாதிக்கும்.

காம்போ பாக்ஸ் பார்க்க லிஸ்ட் பாக்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது காட்டும் எழுத்தையே சேமிக்கும். எண்ணைச் சேமிக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தால் வம்பு.

இப்போதுதான் ஒரு புதிய உறுப்பினரைச் சேர்த்தேன். இரவல் படிவத்தின் லிஸ்ட் பாக்ஸில் அவர் இல்லை.

படிவம் திறந்தபோது படித்த பட்டியலையே அது வைத்துக்கொண்டிருக்கிறது. லிஸ்ட் பாக்ஸில் கர்சரை வைத்து, நேவிகேஷன் பட்டையில் 'ரிஃப்ரெஷ் கன்ட்ரோல்' அழுத்துங்கள்.

மொபைல் எண்ணை ஏற்க மறுக்கிறது. தொகையில் 15 லட்சம் அடித்தால் 10 லட்சமாகிவிடுகிறது.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. 'இன்டிஜர்' வகை ஃபீல்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. இந்திய மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. ஒன்றுகூட அதில் அடங்காது. பெரிய எண் வகைக்கு மாற்றினாலும் தப்பில்லாமல் போகாது. சென்னையின் 044, இலங்கை எண்களின் 07 என்று முன்னால் இருக்கும் சுழியம் பறிபோகும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை. மொபைல், பின்கோடு, ஆதார் எல்லாவற்றையும் 'வார்கேர்' என்ற எழுத்து வகையில் வையுங்கள்.

தொகை விஷயம் படிவத்தின் வேலை. கையால் வரையும் 'நியூமெரிக் ஃபீல்டு' பெட்டிக்கு, நாம் சொல்லாமலேயே உச்ச வரம்பு 10,00,000 என்றும் கீழ் வரம்பு அதன் மைனஸ் என்றும் இருக்கும். தாண்டினால் சத்தமில்லாமல் வரம்புக்கே இழுத்துவிடும். எச்சரிக்கை எதுவும் தராமல் கணக்கை மாற்றுவதால், இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். பெட்டியின் 'ஜெனரல்' பக்கத்தில் 'வேல்யூ மேக்ஸ்' இருக்கிறது, தேவைக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 5 என்று போட்டால் மே 8 ஆகிறது.

லிப்ரெஆபிஸின் லொக்கேல் (தேதி, எண் எழுதும் நாட்டு வழக்கு) அமெரிக்க ஆங்கிலமாக இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ்', 'லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ்' (பழைய பதிப்புகளில் 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்') போய், லொக்கேலை இந்திய ஆங்கிலமாகவோ தமிழாகவோ மாற்றுங்கள். ஏற்கெனவே தப்பாக ஏறிய தேதிகள் தானாகத் திருந்தாது. நாள் 12க்கு மேல் இருப்பவை தப்பியிருக்கும், மற்றவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. லிஸ்ட் பாக்ஸில் அகர வரிசை குளறுபடியாக வருகிறது.

வரிசைப்படுத்தச் சொன்னால், உள்ளே இருக்கும் தரவுத்தளம் யூனிகோட் எண்களின் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்தது ன, ர-வுக்கு அடுத்தது ற. ளவும் ழவும் வ-வுக்கு முன்னாலேயே வந்துவிடும். புள்ளியோ உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. அதனால் அகராதிப்படி முன்னால் வர வேண்டிய கண்ணன், கணேசனுக்குப் பின்னால் போய்விடுகிறார். சிறிய பட்டியலுக்கு எளிய வழி, டேபிளில் 'வரிசை' என்று ஓர் எண் ஃபீல்டு வைத்து அதன்படி அடுக்கச் சொல்வது. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் இருந்தால் உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடும் பழக்கத்துக்கு மாறிவிடுவதே நிம்மதி.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த விவரங்கள் கிறுக்கலாகத் தெரிந்தால், பெட்டிக்கு அந்த எழுத்துருவைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு உள்ளே ஏற்றுங்கள்.

சேவ் செய்யும்போது, வெற்று மதிப்பை ('நல்') ஏற்காத ஃபீல்டில் அதை நுழைக்கப் பார்க்கிறீர்கள் என்கிறது.

கட்டாயம் என்று குறித்த ஒரு ஃபீல்டு காலியாக இருக்கிறது. எந்த ஃபீல்டு என்பது அந்தச் செய்தியிலேயே இருக்கும், கடைசிவரை படியுங்கள். அது பிரைமரி கீ என்றால், டேபிள் அமைப்பில் 'ஆட்டோ வேல்யூ' என்பதை 'எஸ்' ஆக்க மறந்திருக்கிறீர்கள். வேறு ஃபீல்டு என்றால், அதைப் படிவத்தில் வைக்காமலேயே விட்டிருக்கலாம்.

டேப் விசை கண்டபடி தாவுகிறது.

டிசைன் முறையில் 'ஆக்டிவேஷன் ஆர்டர்' திறந்து வரிசையை மாற்றுங்கள். கடைசிப் பெட்டியில் டேப் அடித்தால் அடுத்த பதிவுக்கு ஓடுவது பிடிக்கவில்லை என்றால், படிவத்தின் 'சைக்கிள்' அமைப்பை 'ஆக்டிவ் ரெக்கார்டு' ஆக்குங்கள். கட்டங்களாக இருக்கும் டேபிள் கன்ட்ரோலுக்குள் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் டேபும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரலாம்.

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் செய்த படிவங்களை பேஸுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. அக்சஸ் ஃபைலோடு பேஸை இணைத்தால் டேபிள்களில் உள்ள விவரம் வரும், படிவங்கள் வராது. பழைய படிவத்தை ஒரு பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகச் செய்வதுதான் வழி.

ஃபைலே திறக்கவில்லை. படிவம் போனால் போகட்டும், உறுப்பினர் விவரங்களையாவது மீட்க முடியுமா?

பல நேரம் முடியும். பேஸ் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப். முதலில் அதை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். 'டேட்டாபேஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்' என்று ஒரு ஃபைல் இருக்கும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் டேபிள்களின் அமைப்பு தெரியும், பதிவுகள் வழக்கமாகப் பக்கத்தில் உள்ள 'டேட்டா' என்ற ஃபைலில் இருக்கும், அதை எடிட்டரில் படிக்க முடியாது. தமிழ் எழுத்துகள் 'ஸ்கிரிப்ட்' ஃபைலில் எழுத்தாக இருக்காது, பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கும் குறியீடுகளாக இருக்கும். பயப்பட வேண்டாம், விவரம் பத்திரமாகத்தான் இருக்கிறது. புதிய பேஸ் ஃபைல் ஒன்றை உருவாக்கி மூடிவிட்டு, அதையும் ஜிப்பாகத் திறந்து, அதில் உள்ள 'டேட்டாபேஸ்' ஃபோல்டருக்குப் பதிலாகப் பழைய ஃபைலின் 'டேட்டாபேஸ்' ஃபோல்டரை வைத்து, பின்னொட்டைத் திரும்ப மாற்றித் திறந்தால் பல நேரம் டேபிள்கள் எழுந்துவிடும். உடனே கண்ணில் படாவிட்டால் 'வியூ' மெனுவில் 'ரிஃப்ரெஷ் டேபிள்ஸ்' அழுத்துங்கள். 'ஃபார்ம்ஸ்' என்ற இன்னொரு ஃபோல்டரும் அந்த ஜிப்பில் இருக்கும். படிவங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.